முந்திப் போர்த்திய பொன்னாடை

சிட்னியில் நான் ஒரு பாரிஸ்டரிடம் தட்டெழுத்தாளராக இருந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி. அவர் நீதிபதியாகப் போகிறார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவருடைய மேசைக்கு வருகிற வழக்குக் கட்டுகள் வந்த வேகத்திலேயே திரும்பிப் போகத் தொடங்கின. மாதக்கணக்கில் இழுபடக்கூடிய வழக்கு எதையும் அவர் கையில் எடுக்கவில்லை. வழக்கறிஞர்கள் நிறைந்த எங்கள் அலுவலகத் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மந்திரியிடமிருந்து ஆளுக்கு அழைப்பு வந்துவிட்டது.

அமெரிக்காவில் செய்வதுபோல ஆளைக் கூப்பிட்டு இருத்தி, ஊர் பார்க்கக் கேள்வி கேட்டு, வாக்கெடுத்து நீதிபதியாக்குகிற வழக்கம் இங்கே இல்லை. சட்ட மந்திரி ‘விருப்பமா’ என்று கேட்பார். மந்திரிசபை தலையாட்டும். பிறகு ஒருநாள் பத்திரிகையில் வரும். அதற்காகக் கட்சிச் சண்டை இல்லை என்று நினைக்கவேண்டாம். கதவைச் சாத்திப்போட்டுப் பிடித்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அறிவிப்பு வரும்வரை சம்பந்தப்பட்டவர் மூச்சுவிடக்கூடாது. எங்கள் பாரிஸ்டர் ஆளும் கட்சிக்குப் பழக்கமானவர் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனபடியால் அவர் இன்னும் கவனமாக இருக்கவேண்டியிருந்தது.

என் கணவர் யாழ்ப்பாணத்தில் பிரக்கிராசியாக, அதாவது வழக்கறிஞராக இருந்தவர். கோட்டுப் படியேறி, காணி வழக்கும் உறுதியும் என்று திரிந்த மனுசன். இங்கே அந்தப் படிப்பை யாரும் மதிக்கவில்லை. பிஸ்கற் கம்பனி ஒன்றின் பண்டகசாலையில் வேலை. மார்கழியில் நத்தார் பண்டிகைக்கு முதல் எங்கள் அலுவலகத்தில் நடந்த விருந்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பாரிஸ்டரும் அவரும் ஒரு மூலையில் நின்று இலங்கையில் புழங்குகிற ரோமன் டச்சுச் சட்டத்தைப் பற்றிக் கதைத்தார்கள், கதைத்தார்கள், விருந்து முடியும்வரை கதைத்தார்கள். கடைசியில் நானும் பக்கத்தில் போய் நின்றபோது பாரிஸ்டர் குரலைத் தாழ்த்தி, தான் வேறிடத்துக்குப் போகவேண்டி வந்தால் தனக்கு ஒரு அசோசியேற் தேவைப்படும் என்றார். நீதிபதிக்குக் கீழே இருந்து வழக்குத் தாள்களைக் கவனித்து, சட்டம் தேடிக் கொடுக்கிற வேலை. “இதை நாங்கள் மூன்று பேரோடு வைத்துக்கொள்வோம்,” என்றும் சொன்னார்.

அன்றைக்கு எங்கள் வீடு இருந்த பென்டில் ஹில்லுக்கு ரயிலில் வந்து சேர்ந்தோம். வீட்டுக்குள் வந்து கதிரையில் இருந்ததும் என் கணவர், “இனித் திரும்பவும் கோட்டுக்குள்ளை போகலாம் போல கிடக்கு,” என்றார். நூலகத்திலிருந்து தடித்த தடித்த சட்டப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்தார். பண்டகசாலைக்குப் போகிறவர் தலையை நன்றாக வாரிக்கொண்டு போனார். எனக்கும் சந்தோசம்தான். இந்த நாட்டுக்கு வந்தபிறகு அவர் முகத்தை அப்படி நான் கண்டதில்லை.

தைப்பொங்கல் வந்தது. அப்போது சிட்னியில் எங்கள் ஆட்கள் கொஞ்சப்பேர்தான். ஆனாலும் சங்கம், செயலாளர், பிரதம விருந்தினர் எல்லாம் இருக்கவேண்டும். இருவர் சேர்ந்தால் ஒரு சங்கம் வைக்காமல் எங்களுக்குச் சாப்பாடு இறங்காது. செயலாளர் ரயில்வேயில் எஞ்சினியர், நாங்கள் அண்ணை என்று கூப்பிடுகிறவர். அந்த வருடம் எங்கள் பாரிஸ்டரை விருந்தினராக அழைத்தார். அதோடு எதிர்க்கட்சிச் செனற்றர் ஒருவரையும் அழைத்தார். இலங்கையில் பழகின புத்தி அது. ஒரு பக்கத்தை மட்டும் மேடையில் இருத்தினால், நாளைக்கு மற்றப் பக்கம் ஆட்சிக்கு வந்ததும் மண்டபச் சாவிகூடக் கிடைக்காது. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்திவிட்டால் பயமில்லை.

சாரணர் மண்டபம் ஒன்று. தகரக் கூரை, தை மாதம் இங்கே கோடை வெயில், பொங்கல் பாத்திரத்துக்குள் இருந்ததுபோல வெந்துகொண்டிருந்தோம். போர்த்துவதற்குப் பொன்னாடை கிடைக்காமல் என் கணவர் தன் கல்யாணச் சால்வையைக் கொடுத்திருந்தார். அண்ணை அதைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு, விருந்தினருக்கும் விளங்கவேண்டும் என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னார்: இன்று பாரிஸ்டராக எங்கள் முன் இருக்கும் இந்தப் பெருமகன் இன்னும் சில வாரங்களில் நீதியரசராக அமரப்போகிறார், அவருக்கு முதல் மரியாதை செய்த பெருமை தமிழர்களுக்கே உரியது.

சொல்லிவிட்டுச் சால்வையைப் போர்த்தினார். சனம் கைதட்டியது. பாரிஸ்டர் சால்வைக்குள் அசையாமல் நின்றார். வெயிலில் சிவந்திருந்த முகம் வெளிறிப்போனது. பக்கத்துக் கதிரையில் இருந்த செனற்றர் எல்லாரையும்விடக் கூடக் கைதட்டினார். அவருக்குச் சர்க்கரைப் பொங்கலும் பிடித்துக்கொண்டது, இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வீட்டுக் கதவைச் சாத்தும்வரை பொறுத்திருந்தேன்.

“இஞ்சேருங்கோ, அண்ணைக்கு ஆர் சொன்னது?”

“நான்தான். அண்ணை வேற ஆளே?”

“மூண்டு பேருக்குள்ளை இருக்கட்டும் எண்டு அவர் சொன்னவரெல்லோ?”

“ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டு சொல்லித்தானப்பா அண்ணைக்குச் சொன்னனான்,” என்றார். அவருக்கு அதில் பிழை தெரியவில்லை. பாரிஸ்டருக்கு ஒரு மரியாதை செய்து கொடுத்தோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் ஒருவருக்குப் பதவி வரப்போகிறது என்றால் வருமுன்னமே மாலையோடு வாசலில் நிற்கவேண்டும். வந்தபிறகு போனால் ஆயிரம் பேரில் ஒருவர்.

பெப்ரவரியில் பாராளுமன்றம் கூடியது. அந்த நேரம் பார்த்து ஆளும் கட்சி தன் மந்திரி ஒருவரையே நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் இருத்திவிட்டது. எதிர்க்கட்சி கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கொதிப்புக்குள் எங்கள் செனற்றர் எழும்பி ஒரு கேள்வி கேட்டார். இன்னும் நியமிக்கப்படாத ஒருவருக்கு நீதிபதி என்று பொது மேடையில் மரியாதை செய்கிறார்களே, இந்த அரசாங்கம் நீதிபதிப் பதவிகளைத் தன் ஆட்களுக்கு முன்கூட்டியே பங்கிட்டு முடித்துவிட்டதா என்று. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. மந்திரி, அப்படி ஒருவரைப் பற்றி யோசிக்கவேயில்லை என்று கையை விரித்தார். அதோடு பாரிஸ்டருக்கு வரவிருந்த பதவி போய்விட்டது.

பாரிஸ்டர் என்னை ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். திருப்பி அனுப்பிய வழக்குகள் மற்றவர்கள் கைக்குப் போய்விட்டன, புதியவை வர நாளெடுத்தது. கனநாளைக்குப் பிறகு ஒருநாள், “எதற்காக அந்த மனிதரையும் என்னையும் ஒரே மேடையில் இருத்தினீர்கள்?” என்றார். மண்டபச் சாவிக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்த வருடக் கடைசியில் அரசாங்கமே வீட்டுக்குப் போனது. காலியாக இருந்த இடத்துக்குப் புது ஆட்சி தன் பக்கத்து ஆள் ஒருவரை நியமித்தது. என் கணவர் பண்டகசாலையிலேயே இருந்தார். ஆனாலும் சட்டப் புத்தகங்கள் எடுப்பதை அவர் நிறுத்தவில்லை. “நல்ல மனுசன். ஒருநாளைக்கு அவருக்குக் கிடைக்கும். கிடைச்சால் என்னை மறக்கமாட்டார்,” என்பார். நான் ஓம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை.

சில வருடங்கள் கழித்துக் கிடைத்தது. அதே செனற்றர் அப்போது மந்திரிசபையில் இருந்தார். எங்கள் பாரிஸ்டரின் பெயர் வந்தபோது, இவரைவிட நல்ல வழக்கறிஞர் இல்லை என்று அவர்தான் வாதாடினாராம். அப்படியானால் முந்திப் பாராளுமன்றத்தில் கேட்ட கேள்வி என்ன மாதிரி என்று பாரிஸ்டர் அவரிடமே கேட்டிருக்கிறார். “அது அப்போதைய அலுவல்,” என்றாராம். ஒரு மனுசனின் பிழைப்பைப் புரட்டிப்போட்டுவிட்டு இப்படியும் சொல்லலாம்.

அறிவிப்பு வருமுன்னம் ஒருநாள் பாரிஸ்டர் கதவைச் சாத்திவிட்டு என்னை இருக்கச் சொன்னார். அசோசியேற்றாக வரச் சம்மதமா என்று கேட்டார். என்னை.

“என் கணவர்?” என்றேன்.

“அவருடைய சட்ட அறிவில் எனக்குச் சந்தேகமே இல்லை,” என்றார். “சட்டத்தைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு வாய் திறக்காத ஆள் வேண்டும்.”

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அந்த வேலை எனக்கு வேண்டும் என்று அந்தக் கணத்தில் தெரிந்தது. ஓம் என்றேன்.

அறிவிப்பு ஒரு காலைப் பத்திரிகையில் வந்தது. நான் சமைத்துக்கொண்டு நின்ற குசினிக்குள் என் கணவர் பத்திரிகையோடு ஓடி வந்தார்.

“மனுசனுக்குக் கிடைச்சிட்டுது. இனி எங்களை எப்ப கூப்பிடுவார்?”

“என்னைத்தான் கேட்டவர். நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.”

அவர் பத்திரிகையை மெதுவாக மடித்தார்.

“எப்ப கேட்டவர்?”

“போன மாசம்.”

“நீர் ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?”

“இல்லை.”

“எனக்கும்?”

“உங்களுக்கும்.”

மடித்த பத்திரிகையை மேசையில் வைத்தார். “அப்ப அவர் சரியான ஆளைத்தான் எடுத்திருக்கிறார்,” என்றார். பிறகு சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு பண்டகசாலைக்கு வேலைக்குப் போனார்.