பொலிகாளைக்குக் குறை வரலாமா

தொண்ணூறுகளின் நடுவில், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஊர் ஒன்றில் கால்நடை மருத்துவராக எனக்கு முதல் வேலை. வந்திருப்பது பெண் டாக்டர் என்று தெரிந்ததும் ஊர் என்னிடம் கோழிகளை மட்டும் கொண்டுவந்தது. காளைகளை ஆண் டாக்டர்தான் பார்க்க வேண்டுமாம். காளைகளே கேட்டுக்கொண்டன போலும்.

அங்கே வாழைத் தோட்டக்காரர் ஒருவர் பொலிகாளை வைத்திருந்தார். சுற்றுவட்டாரப் பசுக்கள் எல்லாம் அதனிடம்தான் வரும். ஒரு வருஷமாக ஒரு பசுவும் சினை பிடிக்கவில்லை. அத்தனை பசுக்களும் ஒரே சமயத்தில் மலடாகிவிட்டன என்று ஊர் ஒருமனதாக முடிவு செய்து, அவற்றைப் பார்க்க என்னைக் கூப்பிட்டது. பசுக்களிடம் ஒரு கோளாறும் இல்லை.

"காளையைத்தான் பாக்கணும் அண்ணாச்சி."

"காளைக்கு என்ன டாக்டரம்மா? திமிலைப் பாருங்க, மலை மாதிரில்லா நிக்கி!"

"திமிலால கன்னுக்குட்டி பிறக்காது அண்ணாச்சி."

மூன்று நாள் கெஞ்சி, விந்து எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். உயிரணுக்கள் சொற்பம். பாதி அசையவே இல்லை. மீதி வால் கோணி நின்ற இடத்திலேயே சுற்றின. அவரையும் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "உங்க கண்ணாடி சரியில்ல" என்றார்.

தோட்டத்தைச் சுற்றி வந்தேன். பூச்சிமருந்து தெளித்த வரப்புப் புல்தான் காளைக்குத் தீனி. தெளிப்பானைக் கழுவும் வாய்க்கால்தான் அதற்குத் தண்ணீர். காலி மருந்து டப்பாவில் தவிடு ஊறிக்கொண்டிருந்தது. எனக்கு மருந்தின் மேல்தான் சந்தேகம் என்று சொல்லி, தீனியையும் தண்ணீரையும் மாற்றச் சொன்னேன்.

"மருந்து பூச்சிக்குத்தானே? காளைக்கு என்ன செய்யும்?" என்று நியாயமாகக் கேட்டார்.

பிறகு ஜோசியர் சனிதோஷம் என்றார். மூன்று மாதம் காளையைப் பாபநாசத்தில் வைத்து ஆற்றில் குளிப்பாட்ட வேண்டுமாம். ஒரு வாளித் தண்ணீரை மாற்ற மனமில்லாதவர் அன்றே லாரி பிடித்து, காளையை அங்கிருந்த மச்சான் வீட்டுக்கு அனுப்பினார். மலையடிவாரத்துப் புல்லைத் தின்று, ஆற்றுத் தண்ணீரைக் குடித்து அது திரும்பி வந்தது. மறுபடி பார்த்தபோது உயிரணுக்கள் நேராக நீந்தின. பசுக்களும் வரிசையாகச் சினையாயின. ஜோசியருக்குப் பட்டுவேட்டி. எனக்கு ஒரு தார் வாழைப்பழம்; மருந்தடித்ததா என்று நான் கேட்கவில்லை.

இதையெல்லாம் தோட்டக்காரரின் மனைவி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. ஒருநாள் தனியாக என்னைத் தேடி வந்தாள்.

"டாக்டரம்மா, அந்தக் கண்ணாடியில மனுசங்களுக்கும் பாக்கலாமா?"

தோட்டத்துக்கு மருந்தடிப்பது அவள் புருஷன்தான், அதுவும் வெற்றுடம்போடு. பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும் போங்கள் என்றேன்.

"அவிய வரமாட்டாவ. மலடி நான்லா!"

தனியாகவே போனாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை லேமினேட் செய்து, முன்கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். மாமியாரின் வாய் அடைபட்டது. புருஷன் சுவருக்கு முதுகு காட்டிச் சாப்பிடக் கற்றுக்கொண்டார்.

நான் மாற்றலாகிப் போகும் வாரம் அவரே வந்தார். "மருந்தடிக்கயில சட்டை போட்டா போதுமா டாக்டரம்மா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.

போதாது என்றேன். ஆஸ்பத்திரியில் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். வாங்கி நாலாக மடித்தார். அவர் மனைவி வெளியே பாளையங்கோட்டை பஸ்ஸை நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.