தன் பாராட்டு மடலைத் தானே அச்சடித்தவர்

தான் ஓய்வு பெறப்போகும் நல்ல செய்தி அக்காவுக்கு ஒரு ஆர்டராகத்தான் வந்து சேர்ந்தது. அழைப்பிதழ் முந்நூறு, பேனர் ஒன்று, கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டு மடல் ஒன்று. கடைத்தெருவில் எல்லாருக்கும் அவர் அக்காதான்; அங்கே அச்சகம் என்றிருப்பது அவருடையது மட்டும்தான். வியாபாரிகள் சங்கத்துக்குப் பதினான்கு வருஷமாகத் தலைவரும் அவர்தான். ஆர்டர் கொடுக்க வந்தவர் துணைத்தலைவர், டைல்ஸ் கடை முதலாளி, அக்காவின் கூடப்பிறந்த தமக்கையின் மகன்.

"யாருக்குப்பா பாராட்டு?"

"உங்களுக்குத்தான் சித்தி. எத்தனை நாளைக்குத்தான் ஓடிட்டே இருப்பீங்க? ரெஸ்ட் எடுங்க."

"நான் போறேன்னு எப்பப்பா சொன்னேன்?"

"நீங்களா சொல்லமாட்டீங்கன்னுதான் செயற்குழுவே முடிவு பண்ணிருச்சு. இருபத்திமூணு பேர்ல இருபது பேர் சரின்னுட்டாங்க. மடல்ல என்ன போடறதுன்னு உங்களுக்குத் தெரியாததா? வழக்கம்போல எழுதிடுங்க. ரேட்டு மட்டும் கொஞ்சம் பாத்துப் போடுங்க சித்தி."

பாசம் என்றால் இதுவல்லவா பாசம்! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

அக்கா இந்தத் தெருவுக்கு வந்தபோது வயது பத்தொன்பது. துணிக்கடையில் பிரித்துப் போட்ட துணியை மடித்து வைக்கும் வேலை, காலை ஒன்பதிலிருந்து இருட்டும்வரை நின்றபடி. தெருவில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதனால் கடைப் பெண்கள் தண்ணீரே குடிக்கமாட்டார்கள். "பொம்பளப் புள்ளைங்கன்னா ஒரு கட்டுப்பாடு இருக்கும்" என்று முதலாளிகள் மெச்சிக்கொள்வார்கள். அந்தக் கட்டுப்பாட்டில் அக்காவுக்கு நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலாகி, ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்தார். திரும்பி வந்தபோது வேலை இல்லை. பக்கத்து அச்சகத்தில் சேர்ந்து தொழில் கற்று, பிறகு அந்த அச்சகத்தையே வாங்கினார்.

சங்கத்தில் சேர்ந்த முதல் பெண் அவர்தான். தெருவிளக்கு கேட்டார்; திருடனுக்கு வெளிச்சம் காட்டப் பார்க்கிறீர்களா என்றார்கள். சாக்கடைக்கு மூடி கேட்டார். பத்து நாள் வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். எப்படியோ எல்லாம் நடந்தது. எதிர்த்தவர்களும் சும்மா இருந்துவிடவில்லை, ஒவ்வொரு திறப்பு விழாவிலும் முன்வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

பாக்கி இருந்தது பெண்கள் கழிப்பறைதான். பதினோரு வருஷம் அலைந்து, சந்தைக்குப் பின்னால் ஒரு துண்டு இடத்தை நகராட்சியிடம் வாங்கிவிட்டார். கட்டவேண்டியது சங்கம். அடுத்த மாதம் கடைக்கால் தோண்டவேண்டும். துணைத்தலைவரின் டைல்ஸ் லாரி நிற்பதற்கோ அதைவிட்டால் வேறு இடமில்லை. சித்திக்கு ஏன் திடீரென்று ரெஸ்ட் தேவைப்பட்டது என்று இப்போது புரிகிறதா?

வீட்டில் கணவர் சமாதானம் சொன்னார். "விட்டுத் தள்ளேன். உனக்கும் முட்டி வலி."

"வலிதான். அதுக்காக அந்தப் பொண்ணுங்க அடக்கிட்டே நிக்கணுமா?" அக்காவுக்குக் குரல் உடைந்துவிட்டது. பதவி போனதற்கு அவர் அழவில்லை. இதற்குத்தான் அழுதார்.

மறுநாள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். தன் கையே தனக்கு உதவி. கடைத்தெருவின் கலங்கரை விளக்கமே என்று ஆரம்பித்து, விடிவெள்ளியே, ஆலமரமே என்று தன்னைத்தானே வஞ்சனையில்லாமல் புகழ்ந்துகொண்டார். ஆலமரத்துக்குக் கீழே, தேதியோடு இரண்டு வரி சேர்த்தார். கண்ணில் அடிக்கிற அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கவுமில்லை, ஒளித்து வைக்கச் சிறிதாக்கவுமில்லை. எல்லா வரிக்கும் ஒரே எழுத்து.

செயற்குழு டீ குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டது. பாத்திரக்கடைக்காரர் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார், தன் பெயர் ஏன் ஏழாவதாக இருக்கிறது என்று. அதை மூன்றாவதாக மாற்றிக் கொடுத்ததும் மகிழ்ச்சியாகக் கையெழுத்திட்டார்.

விழா மண்டபத்தை நிரப்பவேண்டுமே! எண்பது கடைப் பெண்களை இரண்டு மணி நேரம் விடுப்பில் அனுப்பும்படி முதலாளிகளிடம் சொன்னார் துணைத்தலைவர். மடலை அவரே மைக்கில் வாசித்தார். விளக்கே, வெள்ளியே, மரமே என்று குரல் ஏறிக்கொண்டே போனது. அதே வேகத்தில், "சந்தைப் பின்புற இடத்தில் பெண்கள் கழிப்பறையை அடுத்த மாதம் முதல் தேதி கட்டத் தொடங்குவோம் என்றும், அவ்விடத்தில் வாகனம் எதையும் நிறுத்தமாட்டோம் என்றும் செயற்குழுவினர் இருபத்திமூவரும் கையொப்பமிட்டு உறுதி..." என்று வந்தவர் அங்கே நின்றார். குனிந்து மறுபடி பார்த்தார். அதற்குள் பின்வரிசையில் கைதட்டல் கிளம்பிவிட்டது. எண்பது பேரும் எழுந்து நின்றார்கள், ஓயவே இல்லை. விருந்தினராக வந்திருந்த நகராட்சி அதிகாரியும் எழுந்து தட்டினார். அந்தச் சத்தத்தில் அக்காவின் கண் நிறைந்தது.

கீழே இறங்கியதும் துணைத்தலைவர் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தார்.

"இப்படிப் பண்ணிட்டீங்களே சித்தி. படிக்காம கையெழுத்து போட்டுட்டோம்."

"தெரியும்ப்பா. தெருவிளக்கும் சாக்கடை மூடியும் பின்ன எப்படி வந்துச்சுன்னு நெனச்ச?"