ஒரு படி மாவு எத்தனை கிராம்?

பன்னிரண்டு வயதில் எனக்குத் தராசுப் பைத்தியம் பிடித்திருந்தது. அப்பா ஆன்லைனில் வாங்கிய டிஜிட்டல் தராசில் செருப்பு, சோப்பு, கணக்கு நோட்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் எடை போட்டுக்கொண்டிருப்பேன். அந்த நேரம் பார்த்துத்தான் துபாயிலிருந்து அத்தை போன் செய்தாள்.

அப்பாவிடம் அத்தை வாராவாரம் பேசுவாள். அம்மாவிடம் பேசுவது தீபாவளிக்கு முன்னால் மட்டும், அதுவும் அதிரசத்துக்காக. அம்மா சுட்டுக் கொடுப்பதை எங்கள் ஆலங்குடியிலிருந்து துபாய்க்குப் போகிற யாராவது எடுத்துப் போவார்கள். அந்த வருடம் அத்தை, "படிக் கணக்கெல்லாம் எனக்குப் புரியாது அண்ணி. கிராம்ல சொல்லுங்க, இனிமே நானே சுட்டுக்கிறேன்" என்றாள். அம்மா, "அதுக்கென்ன" என்றாள். சொன்ன விதம்தான் சரியாயில்லை.

நான் விடுவேனா? அரைத்து வைத்திருந்த மாவில் ஒரு படி, அதற்குரிய வெல்லம், எள், ஏலக்காய் எல்லாவற்றையும் எடை போட்டு, தாளில் எழுதி, அம்மாவின் போனிலிருந்தே படம் பிடித்து அனுப்பினேன். அன்றைக்கு என் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாம் நாள் அத்தை ஒரு படம் அனுப்பினாள். தட்டு நிறையக் கருகி, வெடித்த வில்லைகள். பக்கத்தில் கடை மாவுப் பொட்டலம். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. நான் எடை போட்டது அரிசியை ஊறவைத்து அரைத்த ஈர மாவு. அந்த கிராம் கணக்கில் தண்ணீரும் சேர்த்தி. அத்தை போட்டதோ காய்ந்த மாவு. மாவு கூடி, பாகு போதாமல் எல்லாம் கல்லாகிவிட்டது. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன்.

சாயங்காலம் போன் வந்தது. "விருந்தாளிகளக் கூப்பிட்டுட்டேன் அண்ணி, மானம் போச்சு." அத்தை அழாத குறை. "ஈர மாவு அத்தை" என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அங்கிட்டு அரிசி வேற, தண்ணி வேற. ஒனக்கு எப்புடிம்மா வரும்? விடு, நானே சுட்டு அனுப்புறேன்."

மனசு கேட்காமல் உண்மையை அத்தைக்கு டைப் செய்தேன். அம்மா போனை வாங்கிப் படித்து, ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, எண்ணெய்ச் சட்டியை எடுத்துவரச் சொன்னாள்.

மறுநாள் மதியம் வரை அம்மா அடுப்பை விட்டு நகரவில்லை. இடுப்பு விட்டுப்போகிறது என்று புலம்பினாள். புலம்பலுக்கு நடுவே பாட்டும் பாடினாள். என் தப்பை மறைக்கத்தான் இத்தனை பாடு என்று நினைத்துக்கொண்டேன். எப்படியாவது ஈடுகட்ட வேண்டும்.

"அடுத்த வருசம் அத்தைக்கு ஈர மாவுக்கும் காஞ்ச மாவுக்கும் சரியாக் கணக்குப் போட்டுக் குடுத்துர்றேன்மா. அப்புறம் ஒனக்கு இந்த வேலையே இருக்காது" என்றேன்.

அம்மா பாடுவதை நிறுத்திவிட்டாள். நல்ல சேதிதானே சொன்னோம் என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.