அப்பா கேட்ட ஜன்னல்

ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு பழைய மிளகாய்வற்றல் கிட்டங்கியில் அப்பா முப்பது வருடம் மூட்டை சுமந்தார். நெடி தாங்காமல், பின்சுவரில் ஒரு ஜன்னல் வைக்கச் சொல்லி முதலாளியிடம் பலமுறை கேட்டார்.

"ராஜா காலத்துச் சுவராக்கும். தொட்டா மொத்தமும் இடிஞ்சு விழும்" என்பதே பதில்.

இருமி இருமியே அப்பா போய்ச் சேர்ந்தார்.

இப்போது அந்தக் கிட்டங்கி ஒரு கலை அறக்கட்டளையின் அரங்கம். திறப்பு விழாவுக்கு நானும் போனேன். பின்சுவரில் இரண்டு பெரிய ஜன்னல்கள் இருந்தன. எப்போது வைத்தீர்கள் என்று அங்கிருந்த ஊழியரிடம் கேட்டேன்.

"ஒத்திகைக்கு வந்த பாடகருக்கு, சுவர்ல ஊறிக்கெடந்த மிளகாய் நெடியில தொண்டை கமறிப்போச்சு சாரே. ஒரே வாரத்துல வச்சாச்சு" என்றார்.

முதல் பாட்டு முடிவதற்குள் எழுந்து வெளியே வந்தேன். அந்தச் சுவரை ஓங்கிக் குத்தினேன். துளி சுண்ணாம்புகூட உதிரவில்லை.