வித்ஹெல்ட் என்ற சொல்லும் ஒரு கட்டு லீக்ஸும்

இன்று நானுஓயா போகும் வேனில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, "சேர், என்னையத் தெரியுதுங்களா? மாரிமுத்து மக" என்றார்.

மாரிமுத்துவை எப்படி மறப்பேன்?

எழுபதுகளில் நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்கு ஆங்கிலத்தில் எந்தக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். ஒரு நாள் மாரிமுத்து, இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டுப் போட்ட மனுவுக்கு வந்த பதிலை நீட்டினார். அதில் "வித்ஹெல்ட்" என்று இருந்தது.

"அப்படீன்னா என்னங்க சேர்?"

தராமல் நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். ஆனால் மனிதர் இதற்காகவே சட்டையைத் துவைத்துப் போட்டு வந்திருந்தார்.

"மனுவப் பத்திரமா வச்சிருக்காங்க" என்றேன். 'கீப்' என்ற சொல்லுக்கு உரிய அர்த்தத்தை எடுத்து இதற்குக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் அவர் தன் காய்கறிப் பாத்தியிலிருந்து ஒரு கட்டு லீக்ஸ் கொண்டுவந்து தந்தார். அதை வாங்கிய உறுத்தல், எண்பதுகளின் கடைசியில் அவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்த பிறகும் போகவில்லை.

இன்று அவர் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா சிரித்தார்.

"அப்பாவுக்குத் தெரியுங்க சேர். அன்னிக்குப் பொழுது சாயவே டவுன்ல கடை வச்சிருந்த முஸ்லிம் நானாகிட்டக் காட்டி வெவரம் கேட்டுட்டாரு. 'சேருக்குச் சொல்ல மனசு வரல, யாரும் அவருகிட்டக் கேட்டுறாதீங்க'ன்னு எங்க வாயையும் அடைச்சிட்டாரு."

அப்படியென்றால், லீக்ஸ் தந்தபோதே அவருக்கு எல்லாம் தெரியும்.

வித்ஹெல்டுக்கு அர்த்தம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன். உங்கள் தோட்டத்தில் கடிதம் வாசித்த சேர் எதையெல்லாம் வாசிக்காமல் விட்டார்?