தமிழ் தெரிந்தவர் தேவை

1. காலை அழைப்பு

அலுவலகம் திறக்கும் முன்பே கைப்பேசி அடித்தால் அது நல்ல செய்தியாக இருக்காது. எங்கள் தொழிலில் இது நிச்சயம். அன்று பேசியவர் ஒரு கிளையண்ட் கம்பெனியின் எச்.ஆர். பெண்.

"மேடம், உங்க ஆளு ஷாமினி இன்னைக்கும் உடம்பு சரியில்லன்னு எம்சி. இந்த மாசத்துல எத்தனை எம்சி லா? கேரண்டி பீரியட் இன்னும் முடியல, தெரியும்ல?"

தெரியும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் இருக்கும் வேலைவாய்ப்பு ஏஜென்சியில் நான் இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டுகிறேன். வந்தவர்கள் முதலில் என்னை அக்கா என்றார்கள், இப்போது ஆன்டி என்கிறார்கள். கம்பெனிகள் ஆள் கேட்பார்கள், வேலை தேடுகிறவர்கள் ரெஸ்யூம் அனுப்புவார்கள், இரண்டு தரப்பையும் சேர்த்துவைப்பது என் வேலை. கல்யாணத் தரகர் வேலை மாதிரிதான். ஆனால் தரகருக்கு இல்லாத ஒரு தொல்லை எங்களுக்கு உண்டு. நாங்கள் அனுப்பிய ஆள் மூன்று மாதத்துக்குள் வேலையை விட்டுவிட்டால், இன்னொரு ஆளை இலவசமாகத் தேடிக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் கேரண்டி என்று பெயர். மிக்ஸிக்கும் மின்விசிறிக்கும் கொடுப்பதை நாங்கள் மனிதர்களுக்குக் கொடுக்கிறோம்.

2. ஷாமினி ஏறி இறங்கிய படிகள்

ஷாமினி சுங்கை பூலோ பெண். பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தாள். பள்ளியை மூடிவிட்டார்கள். லோரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்குக் காலில் அறுவை சிகிச்சை, இனி ஓட்ட முடியாது. தம்பி இன்னும் இடைநிலைப் பள்ளியில். வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் கிடையாது. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "எந்த வேலைன்னாலும் பரவால்ல ஆன்டி" என்றாள். எந்த வேலையானாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு வேலை தேடுவதுதான் இருப்பதிலேயே கஷ்டம்.

கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனிக்கு அனுப்பினேன். அதன் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "மேடம், நல்ல பொண்ணுதான். ஆனா இங்க லோரி டிரைவர்ங்ககிட்ட கத்தணும். இந்தப் பொண்ணு எல்லார்கிட்டயும் மெதுவா பேசுது லா."

ஹோட்டலில் மாண்டரின் சீனம் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். தனியார் மருத்துவமனையின் பதிவு கவுண்டரில் அனுபவம் கேட்டார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியில் ஒன்றுமே கேட்கவில்லை, கைதட்டி வரவேற்றார்கள். ஆனால் தெரிந்தவர்கள், சொந்தக்காரர்கள் பெயரையெல்லாம் எழுதச் சொன்னார்களாம். "எங்க சொந்தக்காரங்க எல்லாருமே வேலை தேடிட்டுதான் ஆன்டி இருக்காங்க. அவங்ககிட்ட நான் என்னத்த விக்கிறது?" என்று சிரித்தாள். அப்போதெல்லாம் நன்றாகச் சிரிப்பாள்.

இந்த நேரத்தில்தான் அந்த எச்.ஆர். பெண்ணின் மின்னஞ்சல் வந்தது. தமிழ் சரளமாகப் படிக்கவும் கேட்கவும் தெரிந்தவர் தேவை. என்னால் நம்ப முடியவில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த எத்தனையோ பிள்ளைகளிடம், "மொழிங்கிற இடத்துல தமிழை கடைசியா போடு, யாரும் பாக்க மாட்டாங்க" என்று சொன்னவள் நான். இப்போது தமிழுக்காகவே ஆள் கேட்கிறார்கள். சம்பளம் நான் வாங்குவதை விடக் கூடுதல். சமூக ஊடகங்களில் வரும் தமிழ்ப் பதிவுகளைப் பார்த்து, விதிகளை மீறியவற்றை நீக்கும் வேலை. "சில சமயம் கொஞ்சம் ஹெவியா இருக்கும்" என்று மட்டும் எச்.ஆர். பெண் சொன்னார். போலி விளம்பரம், கெட்ட வார்த்தை, சாதிச் சண்டை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஷாமினிக்கு முதல் இன்டர்வியூவிலேயே கிடைத்துவிட்டது. அவளுடைய அப்பா எனக்குப் போன் செய்து, "என் பிள்ளைக்கு கம்ப்யூட்டர் வேலை வாங்கிக் கொடுத்திட்டீங்க, நல்லா இருப்பீங்க" என்றார். அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்திருந்தது, பொய் சொல்லவில்லை.

3. மைலோ

எம்சி விஷயத்தைச் சொன்னதும் என் பாஸ் ராஜன் தலையில் கை வைத்தார். கெட்டவர் இல்லை. வாடகை கட்டி, எங்கள் ஐந்து பேருக்கும் சம்பளம் கொடுத்துவிட்டுத்தான் தனக்கு எடுத்துக்கொள்வார்.

"வசந்தி, நீங்களே நேர்ல போய் பாருங்க. இன்னும் மூணு வாரம் தாக்குப் பிடிக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறம் அவ எங்க போனாலும் நமக்குத் தலைவலி இல்ல."

கேஎல் சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறிச் சுங்கை பூலோ போனேன். ரயிலில் உட்கார்ந்து சொல்ல வேண்டியதையெல்லாம் தயார் செய்துகொண்டேன். எத்தனையோ பேரிடம் சொன்னதுதான். புது வேலை அப்படித்தான் இருக்கும், பழகிவிடும், சீக்கிரமே விட்டுவிட்டால் ரெஸ்யூமில் கறை.

ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் ஷாமினி எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். மெலிந்து போயிருந்தாள். ஐஸ் போட்ட மைலோ வரவழைத்தாள், குடிக்கவில்லை.

"சூப்பர்வைசர் தொல்லையா?" என்று கேட்டேன்.

"இல்ல ஆன்டி. எல்லாரும் நல்லவங்க. களைப்பா இருந்தா படுக்க ரூம்கூட இருக்கு."

"அப்புறம் ஏம்மா?"

ஐஸைக் கலக்கிக்கொண்டே சொன்னாள். "ஒரு வீடியோவ நீக்கணும்னா அத முதல்ல பாக்கணும் ஆன்டி. அடிக்கிறது, வெட்டுறது, சின்னப் பிள்ளைங்கள பண்றது. பக்கத்து சீட்டுல வேற மொழிக்காரங்க இருக்காங்க. என் ஸ்கிரீன்ல ஓடுறது அவங்க காதுல விழுந்தா வெறும் சத்தம்தான். எனக்கு வீடியோவுல இருக்கிறவங்க என்ன சொல்லி கத்துறாங்கன்னு புரியுது." கரண்டியைக் கீழே வைத்தாள். "போன வாரம் ஒரு வீடியோவுல ஒரு பிள்ளை 'டீச்சர்கிட்ட சொல்லிருவேன்'னு கத்துச்சு."

ரயிலில் தயாரித்த பேச்சை அப்படியே விட்டுவிட்டேன்.

"அப்பாகிட்ட சொன்னியா?"

"என்னன்னு சொல்றது? கம்ப்யூட்டர் வேலைன்னு ஊர் பூரா சொல்லிட்டாரு. தூக்கமில்லன்னு மட்டும் சொல்லியிருக்கேன். அவரு கோயில்ல மந்திரிச்சு கயிறு வாங்கிட்டு வந்தாரு."

"நாளைக்கே ராஜினாமா லெட்டர் கொடு" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கேரண்டி முடியலையே ஆன்டி. உங்களுக்கு பிரச்சனை வராதா?"

"வரும். அத நான் பாத்துக்கறேன்."

"அடுத்து எனக்கு என்ன வேலை?"

தேடுவோம் என்றேன். அந்த ஒரு சொல்லை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், கணக்கே இல்லை. வீடு வந்து சேரும்வரை கோபம் அடங்கவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

4. இலவச ஆள்

"மூணு வாரம் லா வசந்தி! மூணே மூணு வாரம்!" ராஜன் மேசையைத் தட்டினார். பிறகு அவரே தணிந்து, "சரி, ரீப்ளேஸ்மெண்ட் பாருங்க" என்றார்.

விளம்பரத்தை மறுபடி போட்டேன். தமிழ் தெரிந்தவர் தேவை. இரண்டே நாளில் ரெஸ்யூம் வந்து குவிந்தது. இந்த முறை வந்தவர்களிடமெல்லாம் வேலை என்னவென்று உடைத்துச் சொன்னேன். சிலர் பாதியிலேயே எழுந்து போனார்கள். அடுத்த அறையில் இருந்த ராஜனுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. "நீங்க வேலை கொடுக்கிறீங்களா, துரத்தி விடுறீங்களா?" என்று கேட்டார். நான் நிறுத்தவில்லை, அவரும் நிறுத்தச் சொல்லவில்லை.

பிறகு தினேஷ் வந்தான். கிள்ளான் பையன், அச்சகத்தில் வேலை பார்த்தவன். அச்சகத்தில் ஆள் குறைத்தபோது முதலில் போனவர்களில் ஒருவன். கல்யாணமானவன், மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு, "எனக்கு முன்னாடி இருந்தவங்க ஏன் போனாங்க ஆன்டி?" என்றான்.

இத்தனை வருடத்தில் என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை. சம்பளம் கேட்பார்கள், கார் நிறுத்த இடம் உண்டா என்று கேட்பார்கள், தீபாவளிக்கு எத்தனை நாள் லீவு என்று கேட்பார்கள். பெயரை மட்டும் விட்டுவிட்டு, ஷாமினிக்கு நடந்ததை அவனிடம் சொன்னேன்.

தன் ரெஸ்யூம் ஃபைலை மூடி மடியில் வைத்துக்கொண்டான். "வேற வேலை ஏதும் இருக்கா?"

"இப்ப இல்ல தம்பி."

"அப்ப இதுக்கே அனுப்புங்க."

ஷாமினி இப்போது செலாயாங்கில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். சம்பளம் பாதிகூட இல்லை. பழையபடி சிரிக்கிறாள் என்று சொல்ல ஆசைதான். தூங்குகிறாள், அதுவரைக்கும் எனக்குத் தெரியும்.

வேலை தேடும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இன்டர்வியூ முடியும்போது, "எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்பார்கள். இல்லை என்று சிரித்துவிட்டு வந்துவிடாதீர்கள். அந்த நாற்காலியில் உங்களுக்கு முன்னால் இருந்தவர் ஏன் போனார் என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். கேட்ட பிறகும் அந்த வேலைக்கே போக வேண்டி வரலாம். அது உங்கள் தப்பில்லை.

கையெழுத்துப் போட்ட அன்று தினேஷ் நன்றி சொல்ல வந்திருந்தான். "தெரிஞ்சேதான் போறேன் ஆன்டி. நீங்க மட்டும் எனக்கு வேற வேலை தேடுறத நிப்பாட்டிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

நிறுத்தவில்லை. இன்னும் கிடைக்கவில்லை.