பாத்திக்குப் பாத்தி கூடிய மார்க்

எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியை அறையில் ஒரு பலகை உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் முதலிடம் பெற்றவர்களின் பெயர்களை வருடவாரியாக அதில் எழுதியிருப்பார்கள். மொத்தம் முப்பத்தொன்பது பெயர்கள். அரசு ரேங்க் அறிவிப்பதை நிறுத்திய பிறகு பள்ளியும் அப்படியே நிறுத்திவிட்டது. பலகையின் அடியில் இன்னும் ஆறு பெயருக்கு இடம் இருக்கிறது. அது வீணாகக் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் என் பேத்திதான் முதல். ஆகவே பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, ரேங்க் இல்லையென்றால் மார்க் எதற்கு என்று கேட்டேன். தலைமை ஆசிரியை சிரித்தார்.

"மார்க்கு புள்ளைங்களுக்குங்க ஐயா. ரேங்க்குதான் தாத்தாக்களுக்கு."

கூட்டமே சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை.

தேர்வு முடிவு மே மாதத்தில் வந்தது. உப்பு வாரும் காலம். என் மகள் விடியும் முன்பே உப்பளத்துக்குப் போய்விட்டாள். முடிவு அவள் நம்பருக்குத்தான் வரும் என்பதால் போனைப் பேத்தியிடம் விட்டுப் போயிருந்தாள். தமிழ் 96, ஆங்கிலம் 91, இயற்பியல் 94, வேதியியல் 95, கணக்கு 98, உயிரியல் 97. நான் மேலிருந்து கீழாகக் கூட்டினேன்; பிறகு கீழிருந்து மேலாக. இரண்டு முறையும் 571தான். அவளுக்கு அடுத்து வந்த பெண் 568. விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

மகளுக்குச் சொல்ல வேண்டுமே. அவளுடைய பாத்தி உப்பளத்தின் கடைசியில், கழிவெளி ஏரிப் பக்கம். என் முழங்காலுக்கு அது தூரம். ரோட்டோரம் நின்று, முதல் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்ணிடம் சொல்லி அனுப்பினேன். லாரி வந்தாலும் மழை மேகம் கறுத்தாலும் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குக் குரல் கொடுத்துத்தான் இங்கே சேதி போகும். ஆனால் சந்தோஷ சேதி என்றால் கொடுப்பவர்கள் கையை இறுக்கிப் பிடிப்பதில்லை. ஒரு லாரி கடைசிப் பாத்தியில் மூன்றாகிவிடும். இத்தனை வருஷம் உப்பு ஆபீசில் கணக்கு எழுதிய எனக்கு அது தெரியாததல்ல. அன்றைக்குப் புத்தியில் தட்டவில்லை.

கொஞ்ச நேரத்தில் மருமகன் போன் செய்தார். உப்பு ஏற்றும் மினி லாரி ஓட்டுபவர். மனைவி யாருடைய போனிலிருந்தோ பேசினாளாம். பெண் 585 வாங்கி மாவட்டத்திலேயே முதலாம். பஸ் ஸ்டாண்டில் கட்ட பேனருக்குச் சொல்லிவிட்டாராம்.

கேட்டுக்கொண்டிருந்த பேத்தியின் முகம் சுருங்கிவிட்டது. "தாத்தா, எங்க கிளாசுல எல்லாருக்கும் என் மார்க் தெரியும். அந்த பேனர கட்டிட்டாங்கன்னா சர்டிபிகேட் வாங்கக்கூட ஸ்கூலுக்குப் போமாட்டேன்."

மருமகனிடம் சரியான மார்க்கைச் சொன்னேன். "இருக்கட்டும் மாமா. யாரு ஒக்காந்து எண்ணப் போறாங்க?" என்றார். என்னிடம் போய் அதைக் கேட்டார். மாவட்ட முதல் என்று அவர் சொன்னபோது என் நெஞ்சும் ஒரு கணம் நிமிர்ந்ததென்னவோ உண்மைதான். ஆனால் கூடுதலாக இருந்த பதினாலு மார்க் அவள் எழுதி வாங்கியதல்ல. வற்புறுத்தியதும், மகள் சொன்னால் மாற்றுவதாக ஒப்புக்கொண்டார்.

குடையை எடுத்துக்கொண்டு இந்தத் தடவை நானே வரப்பில் இறங்கினேன். ஒவ்வொரு பாத்தியிலும் நின்று 571 என்று சொல்லிக்கொண்டே போனேன். நடுவில் ஒருத்தி உப்புக்கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"மீதி மார்க்க வழியில கொட்டிட்டு வந்தீங்களா பெரியவரே?"

"அது நீங்க போட்டதும்மா. அவ வாங்குனது இவ்ளோதான்."

எல்லோரும் சிரித்தார்கள். யாரும் மறுக்கவில்லை.

கடைசிப் பாத்தியில் மகள் உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. ஒவ்வொரு பாடமாகச் சொன்னேன். குறைந்து போனதே என்று வாடுவாளோ என்றுதான் எனக்குக் கவலை. அவள் கேட்டது வேறு.

"நம்ம ஸ்கூல்ல அவளுக்கு மேல யாராச்சும் இருக்காங்களாப்பா?"

ரேங்க் பேசக் கூடாது என்பது பள்ளியின் முடிவு. உப்பளம் பள்ளிக்கூடம் இல்லையே. "யாருமில்ல," என்றேன்.

அவள் என் போனை வாங்கி, பேனரில் மார்க் மட்டும் போதும் என்று கணவரிடம் சொன்னாள். பிறகு திரும்பி நின்று, அடுத்த பாத்திக்குக் கேட்கும்படி தானே குரல் கொடுத்தாள்: ஐநூத்தி எழுபத்தொண்ணு, ஸ்கூல் ஃபர்ஸ்ட்டு. அது ரோட்டை நோக்கிப் பாத்தி பாத்தியாகப் போவதை நின்று கேட்டேன். காதுக்கு எட்டியவரை ஒரு மார்க்கும் கூடவில்லை.

மறுநாள் பேனர் வந்தது. பேத்தியின் படம், பக்கத்தில் 571. ரேங்க் என்று ஒரு சொல் இல்லை. அவள் தோழிகளோடு அதன் கீழேயே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, அங்கிருந்து நேராகப் பள்ளிக்குப் போனாள்.